அருமை என்பது யாருடைய கணக்கு? முள்ளந்தண்டின் காசநோய்சாராத் தொற்றுக்கள் பற்றிச் சில குறிப்புகள்

மருத்துவக் கலைச்சொற்களுட் சில, தாம் குறிக்கும் பொருளின் இயல்பைக் கூறாது, அது எதுவன்று என்பதை மட்டுமே கூறி அமைவன. 'காசநோய்சாரா மைக்கோபற்றீரியா' என்பது அத்தகையதொரு தொடர். காசநோயை உண்டாக்கும் கிருமிக்கு உறவாயுள்ள ஏறக்குறைய இருநூறு இனங்கள் இப்பெயரின் கீழ் அடக்கப்பட்டுள்ளன. இவை மண்ணிலும் நீரிலும் வாழ்வன. பெரும்பாலும் மனிதருக்குத் தீங்கு செய்யாதன. எனினும் இவற்றுட் சில, குறித்த சில சூழ்நிலைகளில், நுரையீரலையும் தோலையும் நிணநீர்க் கணுக்களையும் தாக்குகின்றன; மிகச் சில வேளைகளில் முள்ளந்தண்டின் என்பினுட் புகுந்து அதனை அரிக்கின்றன. இறுதியாகக் கூறிய இந்நோயே இக்கட்டுரையின் பொருள். மருத்துவ ஏடுகள் இதனை 'மிக அரிய நோய்' என்றே அறிமுகஞ் செய்யும். அவ்வருமை எவ்வாறு தோன்றுகிறது? அது நோயின் இயல்பா, நோயைக் காணுஞ் சாதனங்களின் இயல்பா? எம்முன்னுள்ள வினா இதுவே.

இலக்கிய ஆய்வினைத் தொழிலாகக் கொண்டோர் நுண்ணங்கியியலுட் புகுவது தகுமோ என்ற ஐயம் எழலாம். நோய்க்குச் சிகிச்சை கூறுவது எமது நோக்கமன்று. ஆயின் பெயரிடல், வகுத்தல், வகைக்குள் அடங்காதவற்றை ஓரத்தில் ஒதுக்கல் என்பன எமக்கும் பழக்கமான செயல்களே. இலக்கிய வரலாறுகளில் மக்களின் வாய்மொழிப் பாடல்கள் 'ஏனையவை' என்னுந் தலைப்பின் கீழ் நெடுங்காலம் கிடந்தமையை நாம் அறிவோம். தமிழில் 'அருமை' என்னுஞ் சொல்லும் இவ்விடத்தில் எமக்குத் துணைசெய்கிறது. எண்ணிக்கையிற் குறைந்திருத்தலையும், அடைதற்குக் கடினமாயிருத்தலையும் அச்சொல் ஒருங்கே சுட்டும். மருத்துவ ஏடு ஒரு நோயினை அரியது என்னும்போது முதற்பொருளையே கருதுகிறது. இரண்டாம் பொருளும் அங்கு மறைந்துநிற்கிறது என்பது எமது துணிபு.

பெயரிட்ட வரலாறு

1882 மார்ச் 24ஆம் நாள் பேர்லின் நகரில் ரொபேர்ட் கொக், காசநோய்க் கிருமியைக் கண்டறிந்தமையை அறிவித்தார். அக்கிருமியின் கலச்சுவர் மெழுகுத்தன்மை வாய்ந்த கொழுப்பமிலங்கள் செறிந்தது. அதனாற் சாதாரண சாயங்கள் எளிதில் அதனுட் செல்வதில்லை. ஒருமுறை உட்சென்ற சாயமோ அமிலத்தாற் கழுவினும் நீங்குவதில்லை. இப்பண்பினை அடிப்படையாகக் கொண்டு சீல், நீல்சன் ஆகிய இரு ஜேர்மானியர் 1882, 1883ஆம் ஆண்டுகளிற் செம்மைப்படுத்திய சாயமேற்றும் முறை இன்றும் வழக்கிலுள்ளது. நுணுக்குக்காட்டியின் கீழ், நீலப் பின்னணியிற் செந்நிறக் கோல்களாகக் கிருமிகள் தென்படும். மலிவானது, விரைவானது, சிறிய வைத்தியசாலையொன்றிலும் செய்யத்தக்கது. ஏழை நாடுகளிற் காசநோய் ஒழிப்பு இயக்கங்கள் பல பத்தாண்டுகளாக இதன்மீதே நின்றன. ஆனால் இப்பரிசோதனை காட்டுவது குடும்பத்தை மட்டுமே; குடும்பத்துள் எவர் என்பதை அது கூறாது. மைக்கோபற்றீரியாச் சாதியைச் சேர்ந்த எல்லா இனங்களும் அமிலத்தின்முன் அவ்வாறே நிறங்காத்து நிற்கும்.

ஏனைய இனங்கள் காணப்படாமல் இருக்கவில்லை. கொக்கின் அறிவிப்புக்குப் பின் சில ஆண்டுகளிலேயே, காசநோயோடு தொடர்பற்ற அத்தகைய கோல்கள் மனித உடலின் அழுக்கிலும் சூழலிலும் இனங்காணப்பட்டன. ஆனால் அவை மாசு என்றே கருதப்பட்டன. ஆய்வுகூடத்தின் துப்புரவுக் குறைவைக் காட்டுவனவாகவே மதிக்கப்பட்டன. அவற்றுக்கு இடப்பட்ட பெயர்களைப் பார்த்தாலே அவை பெற்ற மதிப்பு விளங்கும். ஒன்று பறவையின் பெயர் பெற்றது. ஒன்று 1903இற் கடலாமையின் நோயிலிருந்து கிடைத்தமையால் ஆமையின் பெயர் பெற்றது. ஒன்று ஆபிரிக்கத் தவளையினத்தின் பெயரைத் தாங்குகிறது. 1938இற் பிரேசிலில், ஊசிமருந்து ஏற்றிய இடத்தில் உண்டான சீழ்க்கட்டிலிருந்து பெற்ற இனத்துக்கு 'போர்ச்சுயிற்றம்' என்று பெயரிட்டனர். தற்செயலானது என்பது அதன் பொருள். ஓர் உயிரியின் பெயரிலேயே 'இதனைப் பொருட்படுத்த வேண்டா' என்ற குறிப்பு அமைந்துவிட்டது.

நிலை மாறியது 1950களிலேயே. அதற்குரிய காரணம் சுவையானது. 1944இல் ஸ்ரெப்ரோமைசினும் 1952இல் ஐசோனியாசிட்டும் காசநோய்ச் சிகிச்சைக்கு வந்தன. அதுகாறும் ஐக்கிய அமெரிக்காவின் காசநோய்ச் சிகிச்சையகங்களில் ஆண்டுக்கணக்கிற் படுத்திருந்தோர் குணமாகி வீடு திரும்பலாயினர். சிலர் மட்டும் மருந்துண்டும் குணமாகாது எஞ்சினர். அவர்தம் சளியில் வளர்ந்த கிருமிகளை நுணுகி நோக்கியபோதே அவை காசநோய்க் கிருமிகளல்ல என்பது புலனாயிற்று. கன்சாஸ் நகரிற் கிடைத்த மஞ்சள்நிற இனம் 1953இல் விவரிக்கப்பட்டது. 1954இல் ரிம்பி, ரன்யன் ஆகியோர் இக்கிருமிகளுக்கும் மனித நோய்க்கும் உள்ள தொடர்பை எடுத்துரைத்தனர். 1959இல் ரன்யன் இவற்றை நிறத்தையும் வளர்ச்சி வேகத்தையுங் கொண்டு நான்கு தொகுதிகளாக வகுத்தார். அக்கால மருத்துவ எழுத்துக்களில் இவை 'இயல்பு பிறழ்ந்தவை' எனவும் 'அநாமதேயமானவை' எனவும் வழங்கப்பட்டன. பெரும்பான்மையோரின் நோய்க்கு மருந்து கிடைத்த பின்னரே சிறுபான்மையோரின் நோய் கண்ணுக்குத் தெரிந்தது என்னும் இவ்வுண்மை மனங்கொள்ளத்தக்கது. பின்னர் கூறப்போவனவற்றுக்கும் அது திறவுகோலாகும்.

இடையில் ஒன்று கூறவேண்டும். தொழுநோய்க் கிருமியும் இதே சாதியைச் சேர்ந்தது. அதுவும் காசநோயை உண்டாக்குவதன்று. எனினும் அதனை எவரும் 'காசநோய்சாராதது' என்று அழைப்பதில்லை. சமுதாயம் அஞ்சிய நோய்க்குத் தனிப்பெயர் உண்டு. அஞ்சாத நோய்க்கு எதிர்மறைப் பெயரே உண்டு.

என்பும் கிருமியும்

முள்ளந்தண்டுக் காசநோய் மிகத் தொன்மையானது. எகிப்தியரின் பதப்படுத்தப்பட்ட உடல்களிலும் அதன் தடயங்கள் காணப்பட்டுள்ளன. 1779இல் இலண்டன் சத்திரசிகிச்சையாளரான பேர்சிவல் பொட், முதுகு வளைவோடு கால்கள் செயலிழக்கும் நிலையினை விரிவாக விவரித்தார். அன்று தொடக்கம் அது அவர் பெயராலேயே வழங்குகிறது. இதே பொட், 1775இற் புகைபோக்கி துப்புரவுசெய்யுந் தொழிலாளரிடையே காணப்பட்ட விதைப்பைப் புற்றுநோய்க்கும் அவர்தம் உடலிற் படிந்த புகைக்கரிக்கும் உள்ள தொடர்பை எழுதியவர். சிறுவயதிலேயே ஒடுங்கிய புகைபோக்கிகளுள் ஏற்றப்பட்ட ஏழைகளின் நோய் அது. தொழிலையும் நோயையும் இணைத்துப் பார்த்த முன்னோடிகளுள் ஒருவராகப் பொட்டை நாம் நினைவுகூரலாம்.

நோய் செயற்படும் விதம் வருமாறு. கிருமி பெரும்பாலும் குருதிவழியாக முள்ளென்பின் முன்பகுதியைச் சென்றடைகிறது. குருதியோட்டம் மிக்க அப்பகுதி மெல்லமெல்ல அரிக்கப்பட, என்பு முன்புறமாக நொறுங்கி அமிழ்கிறது. முதுகிற் கூன் தோன்றுகிறது. திரளுஞ் சீழ், வெப்பமோ சிவப்போ இன்றி அயற்றசைகளினூடே இறங்கி இடுப்பு வரையும் வரக்கூடும். 'குளிர்ந்த சீழ்க்கட்டு' என்பது இதற்குப் பழைய வைத்தியர் இட்ட பெயர். சீழும் நொறுங்கிய என்பும் முண்ணாண் எனப்படும் நரம்புத்தண்டினை அழுத்தும்போது கால்கள் வலுவிழக்கின்றன. என்புகளையும் மூட்டுகளையும் பீடிக்குங் காசநோயில் ஏறக்குறைய அரைப்பங்கு முள்ளந்தண்டிலேயே நிகழ்வது. காசநோயை எம்மவர் 'எலும்புருக்கி' என்பர். உடல் மெலிந்து என்பாய்த் தோன்றுதலையே அப்பெயர் முதற்கண் குறித்திருத்தல் கூடும். முள்ளந்தண்டு நோயிலோ அது நேர்ப்பொருளிலேயே பொருந்திவிடுகிறது.

காசநோய்சாரா இனங்கள் முள்ளந்தண்டிற் புகும்போது நிகழ்வதும் ஏறத்தாழ இதுவே. மாதக்கணக்காக நீடிக்கும் முதுகுவலி, சிறு காய்ச்சல் அல்லது காய்ச்சலின்மை, உடல்மெலிவு, சில வேளைகளிற் கால்களின் வலுவிழப்பு என்பன அறிகுறிகள். எக்ஸ்-கதிர்ப் படமும் காந்தப் பரிவுப் படமும் இரண்டையும் உறுதியாக வேறுபடுத்த உதவுவதில்லை. பீடிக்கப்பட்ட இழையத்தை எடுத்து நுணுக்குக்காட்டியில் நோக்கினும் அதே வகையான அழற்சித் திரள்களே தென்படும். பறவையின் பெயர்கொண்ட ஏவியம் தொகுதியே இந்நோயிற் கூடுதலாகப் பதிவாகியுள்ளது. அப்செசஸ், போர்ச்சுயிற்றம், செனோபி முதலியனவும் காணப்படுகின்றன. இவை உடலுட் புகும் வழிகள் பிரதானமாக இரண்டு. உடலின் நிர்ப்பீடனம் குன்றியவிடத்துக் குருதிவழியாகப் பரவுதல் ஒன்று. காயம், ஊசி, சத்திரசிகிச்சை ஆகியவற்றின்போது நேரடியாகவே புகுத்தப்படுதல் மற்றொன்று. மனிதரிலிருந்து மனிதருக்குத் தொற்றுதல் பொதுவாக இல்லை. இக்காரணத்தாலேயே பெரும்பாலான நாடுகளில் இவை அரசாங்கத்துக்கு அறிவிக்கப்படவேண்டிய நோய்களின் பட்டியலில் இடம்பெறுவதில்லை.

முள்ளந்தண்டுக் காசநோய்க்கு வரலாற்றில் ஒரு முகமுண்டு. மார்க்சிய வாசகருக்கு அம்முகம் அந்தோனியோ கிராம்சியுடையது. 1891இற் சார்டீனியாத் தீவிற் பிறந்த அவருக்குச் சிறு பருவத்திலேயே முதுகு கூனியது. பணிப்பெண்ணின் கையிலிருந்து விழுந்தமையே காரணமெனக் குடும்பத்தார் நம்பினர்; கூனை நிமிர்த்துவதற்காகக் குழந்தையை வார்களாற் கட்டித் தொங்கவிட்டனர். தந்தை சிறைப்பட்ட வறுமைக் காலத்தில், பதினொரு வயதளவிற் பாடசாலையை விட்டு, தன்னிலும் பாரமான பதிவேடுகளை நாளொன்றுக்குப் பத்து மணிநேரம் சுமக்குந் தொழிலை அச்சிறுவன் செய்தான். நோயின் பெயர் அவருக்குச் சொல்லப்பட்டது 1933இல், பாசிசச் சிறையில், அர்க்காஞ்சலி என்ற வைத்தியர் பரிசோதித்தபோதே. அது பொட்டின் நோய் என்றும், அவ்வாறே சிறையிலிருப்பின் அவர் நெடுநாள் வாழார் என்றும் அவ்வைத்தியர் எழுதினார். 1937இற் கிராம்சி மறைந்தார். பிறந்த மண்ணில் வைத்தியம் எட்டாமையால் நோய் நாற்பதாண்டு பெயரின்றி இருந்தது. கிருமி எதுவென அன்றே உலகம் அறிந்திருந்தும் பெயர் அவரை அடையவில்லை.

காசநோய்க்கு இலக்கியமும் உண்டு. எமது புதுமைப்பித்தனை 1948இற் கொண்டுசென்றதும் அந்நோயே. அதனைச் சுற்றி மேலைநாட்டில் வளர்ந்த உருவகங்களைச் சூசன் சொன்ராக் 1978இல் ஒரு நூலாகவே ஆராய்ந்தார். காசநோய்சாரா முள்ளந்தண்டு நோய்க்கு உருவகமும் இல்லை, பாத்திரமும் இல்லை. அதற்குரிய கதை நீதிமன்ற ஆவணங்களிலும் மருத்துவ ஏடுகளின் அட்டவணைகளிலுமே கிடக்கிறது. அத்தகைய கதையொன்றினை இனி நோக்குவோம்.

பாரிஸ் நகர நிகழ்வு

1988க்கும் 1993க்கும் இடைப்பட்ட காலத்திற் பாரிஸ் நகரத்துத் தனியார் வைத்தியசாலையொன்றில், முள்ளென்புகளுக்கு இடையிலுள்ள தட்டு பிதுங்கியமையால் வருந்தியோர் பலருக்குச் சத்திரசிகிச்சை செய்யப்பட்டது. தோலைச் சிறிதாகத் துளைத்து, குழாய் போன்ற கருவியைச் செலுத்தித் தட்டின் பகுதியை அகற்றும் புதுமுறையும் அங்கு கையாளப்பட்டது. நோயாளி விரைவில் வீடு திரும்பலாம். வைத்தியசாலையும் அடுத்தவரை விரைவில் ஏற்கலாம். கருவிகள் கிருமிநீக்கித் திரவத்தில் ஊறவைக்கப்பட்டன. அத்திரவம் உடலிற் படுதல் தீங்கு விளைவிக்கும். ஆகவே கருவிகளைக் கழுவவேண்டும். அவை கழுவப்பட்டது குழாய்நீரில்.

குழாய்நீரில் இருந்தது செனோபி. 42 முதல் 45 பாகை செல்சியசு வெப்பநிலையில் நன்கு வளரும் இவ்வினத்துக்குக் கட்டடங்களின் சுடுநீர்க் குழாய்கள் உவந்த உறைவிடம். மைக்கோபற்றீரியாவின் மெழுகுச்சுவர் நீரை வெறுப்பது. ஆதலால் அவை குழாயின் உட்பரப்பில் ஒட்டிப் படலமாகப் படிகின்றன. மற்றைய கிருமிகளைக் கொல்லும் அளவு குளோரீன் இவற்றைப் பெரிதும் பாதிப்பதில்லை. போட்டியிடுவோர் அழிய, இவை எஞ்சுகின்றன. நகரத்து நீர்வழங்கல் என்னும் மாபெரும் உழைப்பின் பேறு வாந்திபேதியையும் நெருப்புக்காய்ச்சலையும் விரட்டியது. அதே குழாய் இக்கிருமிக்குப் புதியதொரு வாழ்புலத்தையும் அமைத்துத் தந்தது. குடிப்பதற்கு அந்நீர் தீங்கற்றது. கிருமியின்றித் தூய்மை செய்த கருவியை மீண்டும் அதிற் கழுவி முள்ளந்தண்டினுட் செலுத்தியபோதே அது நஞ்சாயிற்று.

1993இலேயே நோய் இன்னதென அறியப்பட்டது. தவறு திருத்தப்பட்ட பின்னரும் நான்கு ஆண்டுகளாகப் புதிய நோயாளர் வந்துகொண்டிருந்தனர். கிருமி அத்துணை மந்தமாக வளர்வது. ஈற்றில் அரசாங்க சுகாதார அதிகாரிகள், அங்கு சத்திரசிகிச்சை பெற்ற 3,244 பேரையும் தேட முற்பட்டனர். கடிதங்கள் அனுப்பப்பட்டன, பத்திரிகை, தொலைக்காட்சி வாயிலாகவும் அழைப்பு விடுக்கப்பட்டது. 2,971 பேருக்கு அபாயம் அறிவிக்கப்பட்டது. 2,454 பேர் காந்தப் பரிவுப் படம் எடுத்துக்கொண்டனர். ஐயத்துக்குரியோரின் முள்ளந்தண்டிலிருந்து இழையம் எடுத்து ஆராயப்பட்டது. மொத்தம் 58 பேருக்குச் செனோபித் தொற்று உறுதியாயிற்று. அவர்களுள் 26 பேர் இத்தேடலினாலேயே கண்டறியப்பட்டவர்கள். அந்த 26 பேரும் நோயினை அறிவதற்குச் சென்ற காலம் சராசரி 5.2 ஆண்டுகள், அவர்களுள் ஒருசாரார்க்கு ஏறத்தாழப் பத்து ஆண்டுகள். இவ்விவரங்கள் 2001இல் மருத்துவ ஏட்டில் வெளியாயின.

அக்காலமெல்லாம் அவர்கள் வலியின்றி இருந்தார்கள் என்று எவரும் கொள்ளலாகாது. முதுகிற் சத்திரசிகிச்சை செய்தவருக்கு முதுகு வலிப்பது வியப்பன்று. சிகிச்சை பயனளிக்கவில்லை என்றோ, நோயாளி மனத்தளர்ச்சியுற்றார் என்றோ விளக்கங்கூறுதல் எளிது. நோயாளியின் சொல் சான்றாகக் கொள்ளப்படாதவிடத்துக் கிருமிக்கு ஆண்டுகள் பல கிடைக்கின்றன.

ஆய்வில் வெளிப்பட்ட மற்றொரு செய்தியே எமது கவனத்தைப் பெரிதும் ஈர்த்தது. துளைவழிச் சிகிச்சை பெற்றோருக்கு அபாயங் கூடுதலாக இருந்தது என்பதோடு, ஒரே அமர்விற் செய்யப்பட்ட சத்திரசிகிச்சைகளின் எண்ணிக்கை கூடக்கூட அபாயமும் கூடியது. மருத்துவப் புள்ளியியல் இதனை ஓர் 'அபாயக் காரணி' என்று குறித்து அமைந்துவிடுகிறது. அக்காரணிக்கு அரசியற் பொருளாதாரத்திற் பழைய பெயருண்டு: அது வேலையின் வேகம். ஒரு நோயாளிக்கும் அடுத்தவருக்கும் இடைப்பட்ட நேரம் சுருங்கச்சுருங்க, கருவியைத் தூய்மை செய்யும் நேரமுஞ் சுருங்கும். இலாபநோக்கு மட்டுமே இத்தீங்கை விளைத்தது என்று கூறுதல் மிகையாகும். குழாய்நீராற் கழுவும் வழக்கம் அரசாங்க வைத்தியசாலையிலும் நிகழக்கூடியதே. ஆயினும், நாளொன்றில் எத்தனை முதுகுகள் என்ற கணக்கு கிருமியின் கணக்கோடு இவ்வளவு தெளிவாகப் பொருந்திவரும் சந்தர்ப்பம் அடிக்கடி கிடைப்பதன்று.

இங்கு பாதிக்கப்பட்டோர் பரம ஏழைகளல்லர் என்பதையும் கூறவேண்டும். அவர்கள் சங்கமாகத் திரண்டனர், வழக்குத் தொடுத்தனர். வைத்தியசாலைத் தொற்றுக்குள்ளானோர்க்கு நட்டஈடு வழங்குவது தொடர்பாக 2002 மார்ச் 4ஆம் நாள் பிரான்சு இயற்றிய நோயாளர் உரிமைச் சட்டத்தின் பின்னணியில் அவர்தம் போராட்டமும் உண்டு. பெயர்ப்பட்டியல் பேணப்பட்டிருந்தது, 2,454 படங்கள் எடுக்கும் வசதி இருந்தது, இழையத்தை உரிய வெப்பநிலையில் வளர்க்கும் ஆய்வுகூடம் இருந்தது. இவை இல்லாத நாடொன்றில் அந்த 58 பேரும் காரணம் அறியப்படாத 58 முதுகுவலிகளாகவே இருந்திருப்பர். நோய் அரியதென்ற கூற்றும் எவ்விதத் தடையுமின்றி நிலைத்திருக்கும்.

பாரிஸ் நிகழ்வு தனித்ததன்று. 2010களில், திறந்த இருதயச் சத்திரசிகிச்சையின்போது குருதியின் வெப்பநிலையைப் பேணப் பயன்படும் இயந்திரங்களின் நீர்த்தொட்டிகளிலிருந்து கைமீரா என்னும் இனம் காற்றிற் பரவி, பல நாடுகளில் நோயாளரைத் தாக்கியது. அவர்களுட் சிலருக்கு முள்ளந்தண்டும் பீடிக்கப்பட்டது. கிருமிகளின் மரபணுக்களை ஒப்பிட்டு 2017இல் வெளியான ஆய்வு, அவற்றுட் பெரும்பாலானவை ஒரே உற்பத்திச்சாலையில் ஏற்பட்ட மாசிலிருந்து தோன்றியிருக்கலாம் எனக் காட்டியது. பண்டம் சென்ற வழியே கிருமியுஞ் சென்றது.

காசநோய் மிகுந்த நாடுகள்

இவையெல்லாம் செல்வநாட்டு நிகழ்வுகள். காசநோய் பெருவழக்கான ஆசிய, ஆபிரிக்க நாடுகளில் நிலைமை வேறு. அங்கு இக்கிருமிகள் இல்லையென்பதற்கில்லை. செங்கற்பட்டு மாவட்டத்தில் 1968இல் தொடங்கிய பீ.சீ.ஜி. தடுப்பூசிப் பெரும்பரிசோதனை இதற்கொரு சான்று. இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்டோர் பங்குகொண்ட அப்பரிசோதனையில், வளர்ந்தோரின் நுரையீரற் காசநோயினைத் தடுப்பூசி தடுக்கவில்லை என்ற எதிர்பாராத முடிவு பெறப்பட்டது. கூறப்பட்ட விளக்கங்களுள் ஒன்று, அம்மண்ணிலும் நீரிலும் உள்ள காசநோய்சாரா இனங்களோடு மக்கள் சிறுவயது முதலே பழகியமையால், தடுப்பூசியின் விளைவு மறைக்கப்பட்டது என்பது. அவ்வினங்களுள் ஒன்றிலிருந்து பெற்ற பொருளைத் தோலினுட் செலுத்திப் பார்த்தபோது அம்மக்களுட் பெரும்பாலோர் எதிர்வினை காட்டினர். வயலிற் கால்வைத்து உழைக்கும் மக்களின் உடலுக்கு இக்கிருமிகள் புதியனவல்ல.

ஆனால் அத்தகைய நாடொன்றில் முதுகுவலியோடும் கூனோடும் வரும் நோயாளிக்கு வைத்தியர் செய்வது யாது? படம் காசநோய் போலத் தோன்றுகிறது. நுணுக்குக்காட்டியிற் செந்நிறக் கோல்கள் தெரிந்தாலுந் தெரியலாம். காசநோய் மருந்துகள் இலவசமாகக் கிடைக்கின்றன, அவை தொடங்கப்படுகின்றன. இதனை நாம் குறைகூறமாட்டோம். நூற்றுக்கு மிகப் பெரும்பாலானோர்க்கு நோய் காசநோயே. 1960களிலும் 1970களிலும் கொரியா, ரொடீசியா, ஹொங்கொங், சென்னை ஆகிய இடங்களில் நடைபெற்ற ஆய்வுகளின் பேறாக, முள்ளந்தண்டுக் காசநோயை மாத்திரைகளால் வெளிநோயாளராகவே குணப்படுத்தலாம் என்பது நிறுவப்பட்டது. மாதக்கணக்கிற் படுத்திருத்தலோ சாந்துக்கட்டு அணிதலோ மேலதிக நன்மை தருவதில்லை என்பதும் தெளிவாயிற்று. கூலி இழந்து படுத்திருக்க இயலாத உழைப்பாளிக்கு அம்முடிவு பெரும் விடுதலை. பெரும்பான்மையோர்க்கு நியாயமான இந்நெறியே சிறுபான்மையோரை மறைக்கும் திரையாகவும் அமைகிறது என்பதிலேயே முரண்பாடு உள்ளது.

ஏனெனில் இவ்வினங்கள் காசநோய் மருந்துகளுக்கு அடங்குவன அல்ல. பைராசினமைட் இவற்றின்மீது பயன்படுவதில்லை; ஐசோனியாசிட் கன்சாசியை ஒருவாறு கட்டுப்படுத்தினும் ஏனையவற்றிற் பெரும்பாலும் பயனற்றது. ஏவியத்துக்குக் கிளாரித்துரோமைசின் அல்லது அசித்துரோமைசினோடு எதாம்பியூற்றோலும் ரிபாம்பிசினும் சேர்த்து நீண்டகாலம் கொடுக்கவேண்டும். அப்செசஸ் இன்னுங் கடினமானது. அமிகாசின் முதலிய ஊசிமருந்துகள் பல வேண்டும். பெரும்பாலும் சத்திரசிகிச்சையும் வேண்டும். என்புத் தொற்றுக்குச் சிகிச்சை ஆறு மாதத்துக்குக் குறையாது, பலருக்கு ஓராண்டுக்கு மேலுஞ் செல்லும். இனம் அறியப்படாது காசநோய் மருந்து மட்டும் உண்ணும் நோயாளியின் முதுகென்பு, அவர் ஒருநாளும் தவறாது மருந்துண்ட அம்மாதங்களிலேயே நொறுங்குகிறது. குணமாகாமையைக் கண்டு, இது மருந்துக்கு அடங்காத காசநோய் என்று கொள்ளப்படின், மேலும் கடுமையான மருந்துகள் ஏற்றப்படும். அல்லது நோயாளி மருந்தை ஒழுங்காக உண்ணவில்லை என்று குற்றஞ் சாட்டப்படுவார். ஏழையைப் பற்றிய அவ்வெண்ணம் எப்போதும் தயாராகவே இருக்கிறது.

நோய்க்கு இலக்காவோர் யார் என்ற வினாவும் இத்தகையதே. முதியோர், நிர்ப்பீடனத்தைக் குறைக்கும் ஸ்ரீரொயிட் முதலிய மருந்துகளை நெடுங்காலம் உண்போர், எயிட்ஸ் நோயாளர் என்று பட்டியல் செல்லும். இவர்களில் அடங்காது, முன்பு நல்ல சுகத்தோடிருந்த வளர்ந்தோர் சிலர் தென்கிழக்காசியாவில் இந்நோயுற்றமை நெடுநாள் விளங்காதிருந்தது. 2012இல், தாய்லாந்திலும் தாய்வானிலும் செய்யப்பட்ட ஆய்வொன்று அத்தகையோர் பலரின் குருதியில், உடலின் பாதுகாப்புக்கு இன்றியமையாத இன்ரபெரோன்-காமா என்னும் பொருளையே செயலிழக்கச் செய்யும் பிறபொருளெதிரிகள் இருத்தலைக் கண்டது. தேடியபோது கிடைத்தது, தேடாதவரை அவர்கள் விதிவிலக்குகளாகவே இருந்தனர்.

தேடுதற்குப் பெருஞ்செல்வம் வேண்டும் என்பதுமில்லை. உலக சுகாதார நிறுவனம் 2010இல் அங்கீகரித்த ஜீன்எக்ஸ்பேட் பரிசோதனை காசநோய்க் கிருமியின் மரபணுவை மட்டுமே காண்பது. நுணுக்குக்காட்டியிற் கோல்கள் தெரிந்தும் இப்பரிசோதனை இல்லையென்று கூறுமாயின், வேறோர் இனத்தை ஐயுறவேண்டும். இலங்கை உட்படக் காசநோய் அறிவிக்கப்படவேண்டிய நோயாகவுள்ள நாடுகளில், அவ்வாறு 'இல்லை' என முடிந்தவற்றைத் தனியே குறித்துவைத்தற்கு இன்னொரு பதிவேடு போதும். உறுதி செய்வதற்கு வளர்ப்பு வேண்டும். விரைந்து வளரும் இனங்கள் ஒரு வாரத்துக்குள் தோன்றும். மற்றையவற்றுக்கு ஆறு வாரங்கள் வரை காத்திருத்தல் வேண்டும். செனோபிக்குச் சற்றுக் கூடிய வெப்பநிலை வேண்டும்.

இவை அனைத்துக்கும் முன்னதாக, சத்திரசிகிச்சைக் கூடத்திலேயே ஒரு செயல் உண்டு. முள்ளந்தண்டிலிருந்து எடுத்த இழையம் முழுவதையும் போமலின் குப்பியில் இடுவது பல இடங்களில் வழக்கம். போமலின் இழையத்தைப் பாதுகாக்கும், கிருமியைக் கொன்றுவிடும். அதன்பின் எந்த ஆய்வுகூடத்திலும் எவ்வினமும் வளராது. அறிக்கை 'காசநோயை ஒத்த அழற்சி' என்று மட்டுமே வரும். அவ்விழையத்தின் ஒரு துண்டைக் கிருமியற்ற உப்புக்கரைசல் கொண்ட வேறொரு குப்பியில் இட்டு, வளர்ப்புக்கென்று எழுதி அனுப்பினால், அந்நோயாளிக்கு எந்தக் கிருமி என்பது சில வாரங்களிற் கூறத்தக்கதாகிறது.